சார்ஜ் விளக்கு சரியாக அணைகிறது, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது: 1998 மாருதி 800

சத்துவாச்சாரி_800 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1998ஆம் ஆண்டு மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. என் தந்தையார் வாங்கியது. அவர் காலத்துக்குப் பிறகு விற்க மனம் வராமல் நானே ஓட்டுகிறேன். சத்துவாச்சாரியிலிருந்து இராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போய்வருவதுதான் அதன் அன்றாட ஓட்டம். மாதத்துக்கு ஒருமுறை ஆம்பூர் வரை போகும்.

கடந்த சில மாதங்களாகப் பேட்டரி நிற்பதே இல்லை. முதலில் காலை வேளைகளில் செல்ஃப் மந்தமாகச் சுற்றியது. வேலூரில் உள்ள ஒரு பட்டறையில் காட்டினேன். பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்றார்கள். புதிய 35 ஆம்பியர்-மணி பேட்டரி போட்டேன். ஆறு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதைதான். அடுத்து ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர், ஓட்டத்தில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைக் கழற்றி, கார்பன் பிரஷும் பேரிங்கும் மாற்றி, மேசையில் பொருத்தி ஓட்டிக் காண்பித்தார். சார்ஜ் அருமையாக வந்தது. வண்டியில் மாட்டிய பிறகும் நிலைமை மாறவில்லை. போன வாரம் ஆம்பூரிலிருந்து இரவில் திரும்பும்போது பள்ளிகொண்டாவில் தேநீருக்கு நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடிவந்த வண்டி, பத்து நிமிடம் கழித்துச் செல்ஃப் அடித்தபோது இரண்டு முறை முனகிவிட்டு நின்றுவிட்டது. தேநீர்க் கடையில் இருந்தவர்கள் தள்ளிவிட்டுத்தான் கிளம்பினேன்.

சாவியைத் திருப்பினால் சிவப்பு சார்ஜ் விளக்கு எரிகிறது, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் உடனே அணைகிறது. பெல்ட் புதியது, இழுவை சரியாக உள்ளது. பேட்டரி டெர்மினல்களைச் சுடுநீர் ஊற்றிச் சுத்தம் செய்து இறுக்கிவிட்டேன். இதற்குத் தொடர்பில்லாத இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன்: மார்ச் மாதத்தில் ஆக்ஸிலரேட்டர் கேபிளின் மேலுறை உருகி, மிதி இறுகிப்போய், கேபிளை மாற்ற வேண்டியிருந்தது. எஞ்சின் சூட்டினால் அப்படி ஆகும் என்றார் மெக்கானிக்.

ஆல்டர்னேட்டரையே மொத்தமாக மாற்றிவிடலாமா, அல்லது வேறு எங்காவது பார்க்க வேண்டுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். என்னிடம் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கிறது. வோல்ட் பார்க்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது.


கொணவட்டம்காரன் எழுதியது:

நண்பரே, மீட்டர்கூடத் தேவையில்லை. எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிப் பாருங்கள். எஞ்சின் தொடர்ந்து ஓடினால் ஆல்டர்னேட்டர் நல்லது. நின்றுவிட்டால் போய்விட்டது என்று பொருள். எங்கள் வீட்டு ஃபியட்டுக்கு அந்தக் காலத்து மிஸ்திரி இப்படித்தான் பார்ப்பார். இரண்டே நிமிட வேலை.


பழைய_கட்அவுட் எழுதியது:

மேலே சொல்லப்பட்ட சோதனையைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் முப்பது ஆண்டுகள் வாலாஜாவில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருந்தவன் என்ற முறையில், இந்த ஒரு சோதனையினால் மட்டும் வெந்துபோன டயோடு பிளேட்டுகளையும் (டயோடு மின்சாரத்தை ஒரே திசையில் விடுவது) வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்களையும் நிறையவே பார்த்துவிட்டேன். ஆல்டர்னேட்டருக்கு முந்தைய காலத்து டைனமோ இருந்த வண்டிகளில் அந்த வழக்கம் தோன்றியது. அங்கே கெட்டுப்போக டயோடு எதுவும் இல்லை. ஆல்டர்னேட்டர் வண்டியில், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைத் திடீரென்று பிரித்தால், அதுவரை பேட்டரிக்குள் போய்க்கொண்டிருந்த மின்சாரம் போக இடமில்லாமல் மின்னழுத்தம் ஒரு கணத்தில் பல மடங்கு எகிறும். அந்த ஒரு கணம் போதும். நல்ல ஆல்டர்னேட்டரைச் சோதிக்கப் போய்க் கெட்ட ஆல்டர்னேட்டரோடு வீடு திரும்ப நேரிடும். அது மட்டுமல்ல, எஞ்சின் ஓடுகிறது என்பதனால் சார்ஜ் போதுமானது என்று ஆகிவிடாது. இக்னிஷன் காயில் ஓட மூன்று நான்கு ஆம்பியரே போதும்.

இப்போது கேட்டவருக்கு வருகிறேன். தம்பி, உங்கள் கடிதத்தில் ஒரு செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேசையில் ஓட்டியபோது ஆல்டர்னேட்டர் நன்றாக வேலை செய்தது, வண்டியில் மாட்டினால் பேட்டரி நிறையவில்லை. மேசையில் இருப்பது ஆல்டர்னேட்டர் மட்டும்தான். வண்டியில் அதனுடன் வயர்களும் இணைப்புகளும் எஞ்சினும் பாடியும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே அடுத்த பொருளை வாங்குவதற்கு முன்னால், மின்சாரம் போய்வரும் வழியை அளந்துவிடுவோம். உங்களிடம் இருக்கும் மீட்டரே போதுமானது. டிசி 20 வோல்ட் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் அளக்கும்போதெல்லாம் கம்பி முனையைக் கிளாம்ப் மீது வைக்காமல், நடுவில் இருக்கும் ஈயக் குமிழின் மீதே வையுங்கள். குமிழுக்கும் கிளாம்புக்கும் இடையே படிந்திருக்கும் உப்பும் சேர்ந்து பொய் சொல்லும்.

முதல் அளவு காலையில், வண்டியைத் தொடுவதற்கு முன், கதவைக்கூடத் திறந்துவைக்காமல் எடுக்க வேண்டும். நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்பங்குதான் மிச்சம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். முந்தைய நாள் இரவு ஓட்டிவந்த உடனே அளந்தால் மேற்பரப்பில் தங்கியிருக்கும் சார்ஜினால் கூடுதலாகக் காட்டும். அதனால்தான் காலையில் என்கிறேன்.

இரண்டாவது, ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் பேட்டரியின் இரு குமிழ்களுக்கும் இடையே எவ்வளவு என்று பாருங்கள். பேட்டரியே பலவீனமானது என்றால் இது 9.6 வோல்ட்டுக்கும் கீழே சரியும். அதே வேலையை இன்னொரு முறை செய்யுங்கள், ஆனால் இம்முறை ஒரு முனை பேட்டரியின் மைனஸ் குமிழிலும், மறுமுனை எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட்டோ எண்ணெய்ப் பிசுக்கோ இல்லாத வெறும் உலோகத்திலும் இருக்கட்டும்.

மூன்றாவது, எஞ்சின் சூடேறிய பிறகு, ஹெட்லைட்டை ஹை-பீமில் போட்டு, ஹீட்டர் இருந்தால் அதன் விசிறியையும் ஓடவிட்டு, ஐடிலைவிட (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) சற்று மேலே, நிமிடத்துக்குச் சுமார் 1,800 சுற்றில் எஞ்சினை ஒரே சீராக ஓட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஐடிலில் எந்த ஆல்டர்னேட்டரும் முழு வேலை செய்யாது. சுமை எதுவும் போடாமல் அளந்தால் பாதி இணைப்பும் நல்ல இணைப்பு போலவே தோன்றும். இந்த நிலையில் நான்கு இடங்களில் அளக்க வேண்டும்: ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்துத் தடித்த வயர் மாட்டிய போல்ட்டுக்கும் அதன் சொந்த உடம்புக்கும் இடையே, பேட்டரியின் இரு குமிழ்களுக்கு இடையே, ஆல்டர்னேட்டர் போல்ட்டுக்கும் பேட்டரியின் பிளஸ் குமிழுக்கும் இடையே, கடைசியாக ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரியின் மைனஸ் குமிழுக்கும் இடையே. பின்னிரண்டும் நல்ல வண்டியில் மிகச் சிறிய எண்களாக இருக்கும். பிளஸ் பக்கம் 0.3 வரை பொறுக்கலாம், மைனஸ் பக்கம் 0.2ஐத் தாண்டினாலே எனக்குப் பிடிக்காது. பெல்ட், விசிறி இவற்றின் அருகே கையும் மீட்டர் வயரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேட்டியோடு பானெட்டுக்குள் குனிய வேண்டாம்.

அதே ஓட்டத்தில், மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரியின் குமிழ்களுக்கு இடையே ஒருமுறை பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் டயோடுகளில் ஒன்று போயிருக்கக்கூடும். டயோடு போன ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்வதுபோலவே காட்டிக்கொள்ளும், ஆனால் சுமை ஏறினால் தாங்காது. சில சமயம் வண்டி நிற்கும்போது பேட்டரியைப் பின்வாசல் வழியாகக் காலியும் செய்யும். எண்களை இங்கே எழுதுங்கள், பிறகு பேசுவோம். அதுவரை எதையும் வாங்க வேண்டாம்.


கொணவட்டம்காரன் எழுதியது:

ஐயா, தவறான யோசனையைச் சொன்னதற்கு வருந்துகிறேன். எங்கள் வீட்டு ஃபியட்டில் இருந்தது டைனமோ என்பது இப்போதுதான் எனக்கே உறைக்கிறது. ஒரு சந்தேகம் கேட்கலாமா: சார்ஜ் விளக்கு சரியாக எரிந்து அணைகிறது என்கிறாரே, அப்படியிருந்தும் சார்ஜில் குறை இருக்க முடியுமா?


பழைய_கட்அவுட் எழுதியது:

நல்ல கேள்வி. அந்த விளக்கின் ஒரு கால் இக்னிஷன் வழியாகப் பேட்டரியின் பிளஸ் பக்கத்தில் இருக்கிறது, மறு கால் ஆல்டர்னேட்டரின் பிளஸ் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமானால் விளக்கு அணையும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பெல்ட் அறுந்தாலும், ஆல்டர்னேட்டர் முழுதாகப் படுத்துவிட்டாலும் அது எரியும். அந்த மட்டில் நம்பலாம். (இந்த வண்டியில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்ப்பையும் சுற்றுகிறது என்பதால், ஓட்டத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் வீடு வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காமல் உடனே நிறுத்த வேண்டும்.) மற்றபடி மைனஸ் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று அந்த விளக்கு பார்ப்பதே இல்லை.

சாவி போட்டதும் விளக்கு எரியவில்லை என்றால் அது வேறு நோய். விளக்கு வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் ரோட்டார் காயிலை முதலில் தூண்டிவிடுகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் ஆல்டர்னேட்டர் எழாமலே கிடக்கும், அல்லது எஞ்சினை நன்றாக முறுக்கிய பிறகே எழும். கார்பன் தேய்ந்தாலும் இதே குறிதான். நம் தம்பியின் வண்டியில் அது இல்லை.


குடியாத்தம்_அம்பாசிடர் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் டைனமோ பொருத்திய பழைய அம்பாசிடர் உள்ளது. ஐயா சொன்ன அளவுகள் அதற்கும் பொருந்துமா? ஐடிலில் எனக்குச் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது.


பழைய_கட்அவுட் எழுதியது:

வயர்களில் ஏற்படும் வோல்ட் இழப்பை அளக்கும் முறை டைனமோவுக்கும் பொருந்தும். ஆனால் ஐடிலில் விளக்கு மங்கலாக எரிவது டைனமோ வண்டிக்கு நோய் அல்ல. அந்தச் சுற்றில் அது சார்ஜ் செய்யாது, பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பாமல் தடுக்கும் கட்-அவுட் திறந்தே இருக்கும். எஞ்சின் வேகம் கூடியதும் அணைந்தால் போதும். அணையவில்லை என்றால், டைனமோவின் இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு, பெரிய முனையையும் சிறிய முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அந்த இணைப்புக்கும் எர்த்துக்கும் (வண்டியின் வெற்று உலோகம்) இடையே மீட்டரை வைத்து, எஞ்சினை மெதுவாக ஐடிலிலிருந்து உயர்த்துங்கள். வோல்ட் தயங்காமல் சீராக ஏற வேண்டும்; 20ஐத் தாண்டவிடக் கூடாது. ஒரு வோல்ட்டுக்குள்ளேயே நின்றுவிட்டால் ஃபீல்டு காயிலைச் சந்தேகிக்கலாம், நான்கைந்தில் நின்றால் ஆர்மேச்சரை. டைனமோ நல்லது என்று தெரிந்த பிறகே கட்-அவுட் பெட்டியின் பக்கம் போக வேண்டும். அதில் இருக்கும் திருகுகளைக் கண்ணளவில் திருப்பியவர்கள் யாரும் நன்மை அடைந்ததாக எனக்கு நினைவில்லை. மேற்கொண்டு தேவையானால் தனி இழையாகத் தொடங்குங்கள், இங்கே மாருதி கலங்கிவிடும்.


சத்துவாச்சாரி_800 எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடியே எல்லாம் அளந்தேன். என் மகள் ஓட்டுநர் இருக்கையில் இருந்து உதவினாள்.

காலையில் ஓய்வில் 12.18 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் குமிழ்களுக்கு இடையே 11.3, சுற்றல் மந்தமாகத்தான் இருந்தது. அதே நேரத்தில் மைனஸ் குமிழுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே 2.9 வோல்ட் காட்டியது. தவறாகப் பார்க்கிறேனோ என்று மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதேதான்.

சூடேறிய பிறகு, விளக்கும் விசிறியும் போட்டு அளந்ததில், ஆல்டர்னேட்டர் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் இடையே 14.2. பேட்டரியில் 13.1. பிளஸ் பக்க இழப்பு 0.18, மைனஸ் பக்க இழப்பு 0.9. ஏசியில் 0.05 மட்டுமே.

பேட்டரியில் 13.1 என்பது பேட்டரியின் சொந்த வோல்ட்டைவிடக் கூடுதல்தானே, அப்படியானால் சார்ஜ் ஏறுகிறது என்றுதானே பொருள்? இந்த 2.9தான் எனக்குப் புரியவில்லை.


பழைய_கட்அவுட் எழுதியது:

தம்பி, அருமையாக அளந்திருக்கிறீர்கள். ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள்: 13.1, 0.18, 0.9 மூன்றையும் சேர்த்தால் 14.18 வருகிறது. ஆல்டர்னேட்டரில் நீங்கள் கண்ட 14.2 முழுவதற்கும் கணக்கு கிடைத்துவிட்டது. ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, அதை அனுப்பிவிடாதீர்கள். டயோடுகளும் நலம்.

கணக்கில் இடிப்பது அந்த 0.9தான். ஆல்டர்னேட்டர் கொடுக்கும் ஒவ்வொரு ஆம்பியரும் சுற்றிவிட்டு அதன் உடம்புக்கே திரும்பி வர வேண்டும். திரும்பும் வழியில் ஏதோ ஓர் இடம் குறுகலாக இருக்கிறது. அங்கேதான் முக்கால் வோல்ட்டுக்கு மேல் வெறும் சூடாகக் கரைகிறது. 13.1 வோல்ட்டில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாமல் இல்லை, ஆனால் நிறையாது. பாதி நிறைந்த நிலையிலேயே நாள்கணக்கில் வைத்திருந்தால் தகடுகளில் சல்பேட் கட்டி, புதிய பேட்டரியும் கிழடாகிவிடும். அதிலும் ஹெட்லைட் போட்டு ஓட்டும் இரவில் நிலைமை இன்னும் மோசம். பள்ளிகொண்டாவில் நடந்தது அதுதான்.

இனி அந்த 2.9ஐப் பார்ப்போம். செல்ஃப் மந்தமாகச் சுற்றும்போது பேட்டரி 11.3இல் நிமிர்ந்து நிற்கிறது என்றால், பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருளாகாது. அதனிடமிருந்து போதிய மின்சாரம் வெளியே போக முடியவில்லை என்றுதான் பொருள். செல்ஃபுக்கு உண்மையில் கிடைத்தது எட்டரை வோல்ட்டுக்கும் குறைவு. பட்டறையில் யாரோ சுற்றலின் சத்தத்தைக் கேட்டுப் பேட்டரி என்று முடிவு செய்திருக்கிறார்கள். மீட்டர் வைத்திருந்தால் உங்களுக்கு ஒரு பேட்டரியின் விலை மிச்சமாகியிருக்கும். செல்ஃப் அடிக்கும்போதும் சார்ஜ் ஏறும்போதும் மின்சாரம் பயன்படுத்தும் ஒரே பொதுவழி எஞ்சினின் எர்த், அதாவது எஞ்சினுக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே உள்ள இணைப்பு. இரண்டிலும் இழப்பு மைனஸ் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே பேட்டரியின் மைனஸுக்கும் எஞ்சினுக்கும் இடையில்தான் குறை.

உங்கள் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இதற்குத் தொடர்பில்லாதது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எஞ்சின் ரப்பர் மௌண்டிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எர்த் பட்டை ஒன்றுதான் அதை முறையாகப் பாடியுடன் சேர்க்கிறது. அது கெட்டால் மின்சாரம் வேறு உலோக வழியைத் தேடும். ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் ஆகியவை அகப்படும். செல்ஃபின் மின்சாரம் நூல் கனத்துக் கம்பி வழியாகப் பாய்ந்தால் அதன் உறை உருகாமல் என்ன செய்யும்? எஞ்சின் சூட்டினால் உருகுவதென்றால் இத்தனை ஆண்டுகளில் எத்தனை முறை உருகியிருக்க வேண்டும்?

உறுதி செய்ய ஒரு எளிய வழி: ஜம்பர் கேபிள் ஒன்றை இரவல் வாங்கி, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் வெற்று உலோகத்திலும் கடித்துவிட்டு, எல்லா அளவுகளையும் மறுபடி எடுங்கள். எண்கள் மாறினால் வழக்கு முடிந்தது. பிறகு எர்த் பட்டையைக் கழற்றி இரு முனைகளையும் பாருங்கள். கடந்த ஓராண்டில் வண்டிக்குப் பெயிண்ட் வேலை ஏதாவது நடந்ததா?


சத்துவாச்சாரி_800 எழுதியது:

ஐயா, நடந்தது. போன கார்த்திகையில் டிங்கரிங் செய்து முழு வண்டிக்கும் பெயிண்ட் அடித்தோம். நான் அதை இதனுடன் சேர்த்து நினைத்தே பார்க்கவில்லை.

ஜம்பர் கேபிளைப் போட்டதும் செல்ஃப் சுற்றிய வேகத்தைக் கேட்டு என் மகளே திரும்பிப் பார்த்தாள். பேட்டரியில் 13.1 இருந்த இடத்தில் 13.9க்கு மேல் வந்தது. எர்த் பட்டையைக் கழற்றினேன். பாடியில் போல்ட் உட்காரும் இடத்தில் புதுப் பெயிண்ட் கனமாக இருந்தது. அதன் மேலேயே பட்டையை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது போலும், அந்த மரையிலும் துரு. எஞ்சின் பக்கத்து முனையில் பின்னல் கம்பிகளில் பாதிக்கு மேல் அறுந்து, பச்சை பூத்திருந்தன.

புதிய பட்டைக்கு எவ்வளவு கனம் வேண்டும், பெயிண்ட்டைச் சுரண்டினால் துருப் பிடிக்காதா என்று சொல்லுங்கள்.


பழைய_கட்அவுட் எழுதியது:

செம்புக் கம்பியாக 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். 25 கிடைத்தால் இன்னும் நல்லது. முனைகளில் லக்கை (போல்ட் நுழையத் துளையுள்ள உலோக முனை) அழுத்திப் பிடித்ததாக இருக்க வேண்டும். வெறும் கம்பியைப் போல்ட்டில் சுற்றிவிடும் வேலை வேண்டாம். எஞ்சின் ஆடுவதற்கு இடம் கொடுத்துச் சற்றே தளர்வாக இருக்கட்டும், இழுத்துக் கட்டினால் மறுபடி அறுந்துவிடும். போல்ட் உட்காரும் வட்டத்தை மட்டும் உப்புக் காகிதத்தால் பளபளப்பாகத் தேய்த்து, பல் வாஷர் வைத்து முறுக்கி, முறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவிவிடுங்கள். முறுக்குவதற்கு முன் தடவாதீர்கள். பிறகு துரு வராது.

பேட்டரியைக் கழற்றி வெளியே ஒருமுறை மெதுவாக நிறைக்க வேண்டும். 35 ஆம்பியர்-மணிப் பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியரில் பத்து பன்னிரண்டு மணி நேரம். சார்ஜ் கடையில் அவசரப்பட்டு அதிக ஆம்பியரில் இரண்டு மணி நேரத்தில் கொதிக்கவைத்துக் கொடுக்க முனைந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூடி திறக்கும் வகையென்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டத்தையும் பாருங்கள். நம் ஊர்க் கத்திரி வெயிலில் அது சீக்கிரம் இறங்கும்.


சத்துவாச்சாரி_800 எழுதியது:

எல்லாம் முடிந்து ஒரு வாரம் ஓட்டிவிட்டேன். 25 சதுர மில்லிமீட்டர் பட்டை போட்டேன். மைனஸ் பக்க இழப்பு, முழுச் சுமையில் 0.04. பேட்டரியில் 13.98. காலையில் ஓய்வில் 12.61. பள்ளிகொண்டாவில் அதே கடையில் நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டு, யாரையும் தள்ளச் சொல்லாமல் கிளம்பினேன்.

ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. முன்பு செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 11.3 காட்டியது, இப்போது 10.7க்கு இறங்குகிறது. பேட்டரி இதற்குள் கெட்டுவிட்டதா? மேலும், மத்தியானம் இராணிப்பேட்டையிலிருந்து வெயிலில் வந்து அளந்தால் 13.98 இல்லை, 13.75தான் காட்டுகிறது.


பழைய_கட்அவுட் எழுதியது:

இரண்டும் கவலைப்பட வேண்டியவை அல்ல. முன்பு வழி அடைத்திருந்ததால் செல்ஃப் எண்பது ஆம்பியர் அளவுக்குத்தான் இழுத்திருக்கும்; இப்போது வழி திறந்துவிட்டதால் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இழுக்கிறது. அதிகம் கொடுக்கும் பேட்டரி அதிகம் தாழும். 10.7 நல்ல எண். முந்தைய 11.3தான் நோயின் எண்.

மத்தியான அளவும் அப்படியே. சூடான பேட்டரிக்குக் குறைந்த வோல்ட்டே போதும். ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் 12 வோல்ட் பேட்டரியில் ஏறக்குறைய 0.02 வோல்ட் குறைய வேண்டும் என்பது கணக்கு. ரெகுலேட்டர் அதற்கேற்பத் தானே இறங்கிக் கொடுக்கிறது. பானெட்டுக்கு அடியில் வேலூர் மே மாதத்தில் 14.5 நின்றிருந்தால்தான் நான் பயந்திருப்பேன். அது பேட்டரித் தண்ணீரைக் குடித்துவிடும்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. மார்ச்சில் மாற்றிய ஆக்ஸிலரேட்டர் கேபிளும் எர்த் கெட்ட வண்டியிலேயே இவ்வளவு நாள் ஓடியிருக்கிறது. அதைக் கழற்றி, கம்பி உறைக்குள் தடையில்லாமல் வழுக்கி ஓடுகிறதா, எங்காவது நிறம் மாறிக் கருத்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள். கிளட்ச் கேபிளையும் அதேபோல் பாருங்கள். மிதித்த ஆக்ஸிலரேட்டர் திரும்பி வராமல் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொள்வது, செல்ஃப் முனகுவதைப் போன்ற சிறு தொல்லை அல்ல. ஆம்பூர்ப் பயணத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.


சத்துவாச்சாரி_800 எழுதியது:

இன்று மாலை கழற்றிப் பார்த்தேன் ஐயா. கார்புரேட்டர் பக்கத்து முனையில் இரண்டு விரற்கடை நீளத்துக்கு உறை மினுங்கி, உள்ளே கம்பி சொரசொரத்திருந்தது. புதிய கேபிள் சொல்லிவிட்டேன், நாளை வந்துவிடும். கிளட்ச் கேபிள் நன்றாக இருக்கிறது.